நாகலக்ஷ்மி மெழுகாமல் விட்ட மூன்று இடங்கள்

பவானிபூரில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம். நாகலக்ஷ்மியின் சமையலறையைப் பார்க்காமல் ஊர் திரும்பியவர்கள் கல்கத்தாவைப் பார்த்ததாகவே சேர்த்தி இல்லை. இது அவள் சொன்னதல்ல. ஆனால் யாராவது சொன்னால் அவள் மறுத்ததும் கிடையாது.

அவள் புருஷன் பட்டாபிராமன் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. 1911ஆம் வருஷம் சித்திரையில் அவர் வாடகைக்குப் பிடித்த வீட்டில் அதற்கு முன் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் குடியிருந்தான். போகும்போது அவன் விட்டுப்போனது ஓர் இரும்பு அடுப்பு. செங்கல் மேடையில் பதித்தது. மேலே நாலு கண், கீழே இழுத்துக் கொட்டும் சாம்பல் தட்டு, பக்கத்தில் கதவு வைத்த சூட்டறை. அந்த அறையில் என்னென்ன வெந்திருக்கும் என்று நினைத்தாலே பட்டாபிராமனுக்குக் குமட்டியது.

"இடிச்சுத் தள்ளிட்டு மண்ணடுப்புப் போட்டுக்கலாம், நாகு."

"அக்னிக்கு ஏதுன்னா தீட்டு?" என்றாள் அவள்.

கரியை நிரப்பி, சூட்டறையை வெறுமையாகச் சாத்தி, ஒரு பகல் முழுக்க எரியவிட்டாள். சுவரில் அப்பியிருந்த பழைய கொழுப்பெல்லாம் பொரிந்து சாம்பலாக உதிர்ந்தது. ஆறின பிறகு துடைப்பத்தால் கூட்டி எடுத்து, துடைத்து, பஞ்சகவ்யம் தெளித்து, முதல் பால் பொங்கினாள்.

அன்றிலிருந்து அந்த அடுப்பு அவளுக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. ஆடி மழையில் ஊர் வடாமெல்லாம் பூசணம் பிடித்தபோது, அவள் வடாம் சூட்டறையில் கலகலவென்று காய்ந்தது. மற்றப் பெண்கள் அடுப்புக்கு 'துரைசாணி' என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள். கேலி செய்துகொண்டே தங்கள் வடாமையும் கொண்டுவந்து நீட்டினார்கள்.

தினமும் குளித்துவிட்டு வந்ததும் சாம்பல் தட்டைக் கொட்டுவாள், சூட்டறையைத் துடைப்பாள், செங்கல் மேடை முழுவதும் சாணம் மெழுகிக் கோலம் போடுவாள். மெழுகாத அடுப்பில் தீ மூட்டுவது அவளுக்கு முகம் கழுவாமல் கோயிலுக்குப் போகிற மாதிரி. செங்கல்லில் உள்ளங்கை அகலத்தில் மூன்று இரும்பு மூடிகள் இருந்தன. வெள்ளைக்காரன் அழகுக்கு வைத்திருப்பான் என்று நினைத்து அவற்றையும் சேர்த்தே மெழுகினாள்.

மாசி மாதம் துரைசாணி மக்கர் பண்ண ஆரம்பித்தாள். புகை மேலே போகாமல் வீட்டுக்குள் சுருண்டது. சூட்டறை வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. நேரமும் பொல்லாத நேரம். அந்த வருஷம் ராமநவமி சமாராதனை, நாற்பது பேருக்குச் சாப்பாடு, அவள் வீட்டில் என்று பேசி முடித்திருந்தார்கள். தன் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று கடைசிவரை பிடிவாதம் பிடித்தவள் அலிப்பூர் அனந்தலக்ஷ்மி மாமி. புகை சமாசாரம் அவள் காதுக்குப் போக எத்தனை நேரமாகும்? "முடியலைன்னா சொல்லட்டும், நான் பண்றேன்" என்று ஆள்விட்டாள்.

நாகலக்ஷ்மிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ராமநவமிக்கு நாலு நாள் இருந்தது. "இன்னிக்கு மிஸ்திரியைக் கூட்டிண்டு வந்து இடிச்சுடறேன். சமாராதனை மாமி ஆத்திலேயே நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பட்டாபிராமன் கிளம்பினார்.

இடிபடப் போகிற அடுப்புதான். ஆனாலும் அதை அழுக்காக அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியாக ஒரு தரம் புதுசாக மெழுகிவிடலாம் என்று பழைய பூச்சைச் சுரண்டினாள். பதினொரு மாசத்துப் பூச்சு தோசை கனத்துக்குப் பெயர்ந்து வந்தது. அதோடு ஒரு மூடியும் கழன்று விழுந்தது.

உள்ளே இருட்டாக ஒரு பொந்து. கையை விட்டாள். முழங்கை வரை மெத்து மெத்தென்று புகைக்கரி. அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இது அழகுக்கு வைத்ததல்ல. புகை போகும் வழியைக் கூட்டிப் பெருக்குவதற்கென்றே வைத்த வாசல். அதைத்தான் தினம் தினம் பக்தியோடு பூசி அடைத்திருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது. அடுத்த நிமிஷம், யாரும் இல்லாத வீட்டில், வாய்விட்டுச் சிரித்தாள்.

மடி போனால் போகிறது, திரும்பக் குளித்தால் ஆயிற்று. ஈர்க்குச்சிகளை மூங்கில் கழியில் கட்டி மூன்று பொந்துகளையும் குடைந்தாள். இரண்டு வாளி கரி வந்தது. தீ மூட்டினாள். புகை குபுகுபுவென்று மேலே ஏறியது.

கடப்பாரையோடு வந்த மிஸ்திரி குனிந்து பார்த்தான். தீயின் இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்டான். "பாபு, இதை எதற்கு இடிக்க வேண்டும்? எந்த மிஸ்திரி சுத்தம் பண்ணினான்? நல்ல வேலைக்காரன்" என்றான் ஹிந்துஸ்தானியில்.

பட்டாபிராமன் வாளிகளைப் பார்த்தார். கரி பூசின மனைவியின் முகத்தைப் பார்த்தார். "மிஸ்திரி இல்லை. என் சம்சாரம்" என்றார். ஆபீஸில் பிரமோஷன் வந்த அன்றுகூட அவர் குரல் அப்படி நிமிர்ந்ததில்லை.

ராமநவமியன்று நாற்பது இலை விழுந்தது. பாயசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். பெண்கள் பந்தியில் அனந்தலக்ஷ்மி மாமி எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "அடுப்புக்கு என்னடி கோளாறு?"

வெள்ளைக்காரன் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவன் எங்கே வந்து இல்லை என்று சொல்லப்போகிறான்? வாய் வரைக்கும் வந்தது. நாகலக்ஷ்மி அதை விழுங்கினாள்.

"கோளாறு அடுப்புக்கு இல்லே மாமி, எனக்குத்தான். பெருக்கற வாசலை நானே சாணம் பூசி அடைச்சுட்டேன். அப்பறம் நானே கண்டுபிடிச்சு, நானே திறந்தேன்."

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. மாமி அவளைக் கிட்டே வரும்படி சைகை காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"எங்காத்துப் புகைபோக்கியும் ரெண்டு மாசமா அடைச்சுண்டிருக்கு. யார்கிட்டயும் சொல்லலை. நாளைக்கு வந்து பாக்கறியா?"

"வரேன் மாமி. ரெண்டு வாளி மட்டும் எடுத்து வைங்கோ."

அதற்குப் பிறகு முப்பது வருஷம் அந்த வீட்டில்தான் இருந்தாள். சாணம் மெழுகாத நாள் ஒன்று கிடையாது. ஆனால் மூன்று மூடிகளை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சின்னக் கோலம் போடுவாள். புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டே தீருவார்கள். அவளும் முதலிலிருந்து, தன் தப்பை முன்னால் வைத்து, சொல்லியே தீருவாள்.