அண்ணி வாங்க நினைத்த பவர் சப்ளை

அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில், மடியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு வழி நெடுக வெளியே பார்த்தபடி வந்தார் அண்ணி. பெட்டிக்குள் இருந்தது கம்பியூட்டருக்கு வாங்கிய புத்தம் புதிய பவர் சப்ளை. முன் இருக்கையில் என் அண்ணன் பக்கத்தில் இருந்தவரோடு சிங்களத்தில் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தார். நல்ல சாமானைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்ட திருப்தி அவருக்கு. கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் லீவில் வந்து, துணைக்குப் போயிருந்தேன். "ஏன் அண்ணி பேசாம வாறீங்க?" என்று கேட்டேன். "ஒன்னுமில்ல தம்பி, தலவலி" என்றார்.

அண்ணி கல்யாணத்துக்கு முன் ஹட்டனில் ஓர் அச்சகத்தில் தமிழ் டைப் செய்தவர். அந்த அச்சகம் கழித்துப்போட்ட பழைய கம்பியூட்டரைக் கேட்டு வாங்கி, அண்ணனின் இரும்புச் சாமான் கடையில் பெயின்ட் டின்களுக்கும் கம்பிச் சுருள்களுக்கும் இடையே ஒரு மேசை போட்டு வைத்திருந்தார். எங்கள் கடைத்தெருவில் அப்போது தமிழில் அச்சடித்துத் தர வேறு யாரும் இல்லை. கோயில் திருவிழா நோட்டீஸ், சடங்குக் கார்டு, மரண அறிவித்தல் எல்லாவற்றுக்கும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து அண்ணியிடம்தான் வருவார்கள். ஒருநாள் ரப்பர் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், இறந்துபோன மனைவியின் அடையாள அட்டையோடு வந்து நின்றார். சிங்களத்தில் எழுதியிருந்த பெயரை அண்ணி வாசித்துப் பார்த்துவிட்டு, "இது யாரோ காதுல விழுந்தபடி எழுதின பேரு. நீங்க வீட்டுல எப்படிங்க கூப்புடுவீங்க?" என்று கேட்டார். பெரியவர் வெட்கப்பட்டு, "பெரியபுள்ளன்னு கூப்புடுவேன்" என்றார். அறிவித்தலில் அவரிடமே கேட்டுத் திருத்திய ராமாயி என்கிற சரியான பெயரும், அதன் கீழே பெரியபிள்ளை என்பதும் வந்தன. தாளை வாங்கிய பெரியவர் எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எங்கள் பக்கம் சித்திரை மாதத்து இடி பொல்லாதது. அப்படியொரு சாயங்காலம் கம்பியூட்டருக்குள் பட்டென்று சத்தம் கேட்டு, கருகல் வாசம் வந்தது. உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை போய்விட்டது, மற்றதெல்லாம் தப்பிவிட்டது என்று பார்த்தவர் சொன்னார். அதற்காகத்தான் நாங்கள் மூவரும் அவிசாவளைக்குப் போனோம்.

கடைக்காரர் சிங்களவர், பொறுமைசாலி. மேசைமேல் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று ஏதோ அரசாங்கக் கந்தோரில் ஓடிய கம்பியூட்டரிலிருந்து கழற்றியது. தூசி படிந்து, மூலையில் துருவும் இருந்தது. மற்றது புதிது; பளபளவென்று, பெரிய எழுத்தில் கூடுதல் வாட் போட்ட ஸ்டிக்கரோடு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அண்ணி இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார். பழையது கனத்தது, புதியது வெறும் தகரப் பெட்டிபோல் இருந்தது. "அலுத் எக்க எப்பா, நோனா", புதியது வேண்டாம் அம்மா என்றார் கடைக்காரர். புதிதாக வரும் மலிவுச் சாமான்களில் உள்ளே ஒன்றும் இருக்காது, கரண்ட் கூடிக் குறைந்தால் தாங்காது, உங்கள் மெசினுக்கு இந்தப் பழையதன் பிளக்தான் அப்படியே பொருந்தும் என்று விளக்கினார்.

"என்னங்க, பழசே எடுப்போமே" என்றார் அண்ணி.

அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. "கடை வச்சிருக்கிறவன் நான். சாமானப் பத்தி எனக்குத் தெரியாதா? அடுத்தவன் கழட்டிப் போட்ட குப்பைய காசு குடுத்து வாங்கச் சொல்றியா?" என்று சத்தம் போட்டார். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி கையிலிருந்த பழையதை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

புதியது மழைக்காலம் முடியும்வரைகூட ஓடவில்லை. அது போனபோது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக்கொண்டு போனது. அந்த மாதிரி போர்ட் இனிக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். கடை வியாபாரமும் அப்போது படுத்திருந்தது. மேசையை மடித்து வைத்துவிட்டு, அண்ணி தராசுக்கு முன்னால் உட்கார்ந்து ஆணி நிறுக்கத் தொடங்கினார். அறிவித்தலுக்கு வந்தவர்களை அவிசாவளைக்கு அனுப்பினார். பிணத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் பஸ்ஸைத் தேடி ஓடுவதைக் கல்லாவிலிருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

சில வருடங்கள் கழித்து, அண்ணன் யாரிடமும் சொல்லாமல் ஒரு புதுக் கம்பியூட்டர் வாங்கி வந்தார். அதற்குள் பஸ் ஸ்டாண்ட் அருகே வேறொருவர் தமிழில் அச்சடிக்கும் கடை போட்டிருந்தார். அண்ணி புதுக் கம்பியூட்டரைத் துடைத்து வைத்தார், பிள்ளைகளுக்குப் பாடம் படிக்கக் கொடுத்தார். டைப் செய்ய உட்காரவே இல்லை.

அதற்கடுத்த லீவுக்கு நான் போயிருந்தபோது, கடைக்குப் பின்னால் மூவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னிக்கு அந்தப் பழசையே வாங்கியிருக்கணும். நீ சொன்னத நான் கேக்கல."

அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அண்ணியின் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன்.

"நான் எங்கங்க சொன்னேன்?" என்றார் அண்ணி. "ஒரு தடவ சொன்னேன். நீங்க சத்தம் போட்டதும் வாய மூடிக்கிட்டேன். அந்தக் கடக்காரரு என்னையவே பாத்துக்கிட்டு நின்னாரு, இன்னொரு வார்த்த சொல்லுவேன்னு. என் மெசினுக்காக நானே பேசல. பெறகு யாரச் சொல்லி என்ன?"

அத்தனை வருடங்களும் அண்ணிக்கு அவர்மேல்தான் கோபம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.