அடுத்த டாரோபி பிரபு

"பிடிச்சுக்குங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் ஹெட்லி பிளாண்ட் சவரக்கத்தியைக் கிழவரின் தாடைக்கடியில் வைப்பார். வேலையில் இருந்தவரை லட்லோ பஸ்ஸை ஓட்டியவர். வண்டியை எடுக்குமுன் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை, ஓய்வு பெற்ற பிறகும் வாயைவிட்டுப் போகவில்லை. வீட்டில் தேநீர்க் கெண்டியைச் சரிக்கும்போதும் மனைவி மாவிஸிடம் அதையேதான் சொல்வார். கிழவர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நன்றாக நீட்டிக் கொடுத்து, கண்ணை மூடிக்கொள்வார்.

அந்தக் கழுத்துக்குச் சொந்தக்காரர் ஆம்ப்ரோஸ், டாரோபி பிரபு. நான்கு வயதில், அப்பா குதிரையிலிருந்து விழுந்து செத்த அன்று வந்த பட்டம். தொண்ணூறு தாண்டியும் அவரிடமே இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாளிகையை எப்போதோ விற்றாயிற்று. அதன் வாசலில் இருந்த பழைய தோட்டக்காரர் வீட்டில் இரண்டு அறைகள், ஒரு வானொலி, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு கம்பளிச் சட்டைகள். இவ்வளவுதான் பிரபுவின் உலகம். அவருக்குப் பின் பட்டம் போய்ச் சேர வேண்டிய ஒரே ஆண், ஒன்றுவிட்ட தம்பியின் மகனான ஹெட்லி. அந்த வாரிசுதான் செவ்வாயும் வெள்ளியும் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிரபுவின் கழுத்தருகே நின்றார். வேறு யார் கை பட்டாலும் கிழவருக்குப் பிடிக்காது.

ஷ்ராப்ஷயர் குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்குமா?

"என்ன ஹெட்லி அண்ணே, இன்னிக்கும் கை நடுங்கலையா?" என்பாள் பப் நடத்தும் பெரில், கோப்பையை நிரப்பிக்கொண்டே.

"நடுங்கலம்மா."

"உங்களுக்கும் எழுபது தாண்டியாச்சு. கொஞ்சம் நடுங்கினா யாரும் தப்பா நினைக்க மாட்டோம்."

மற்றவர்கள் சிரித்து ஓய்ந்தபின் ஹெட்லி சிரிப்பார். "அவரு என்னையும் அடக்கம் பண்ணிட்டுத்தான் போவாரு" என்று சொல்லி, அரைக் கோப்பை பீரோடு நிறுத்திக்கொண்டு எழுந்துவிடுவார். இரண்டாவது கோப்பை அவர் வாங்கி யாரும் பார்த்ததில்லை.

காத்திருப்பது அவர் குடும்பத்துக்குப் புதிதல்ல. அப்பா ரெஜினால்ட் நிலக்கரி வியாபாரி. மூட்டையை இறக்கிவிட்டு, கரி படிந்த கையால் முகத்தைத் துடைத்தபடி, "அவன் போனா நான், நான் போனா நீ" என்பாராம். அவர்தான் முதலில் போனார். ஹெட்லிக்கும் ஆசை இல்லாமல் இருந்ததில்லை. நாற்பது வயதில், பனிக்காலக் காலைகளில், பயணிகள் ஏறுமுன் பஸ்ஸின் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் 'டாரோபி' என்று ஒரு கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார். பிறகு சட்டைக் கையால் துடைத்துவிட்டு வண்டியை எடுப்பார். இதை அவரே ஒருமுறை மாவிஸிடம் சொல்லியிருக்கிறார். மாவிஸ் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

அந்த ஆசை எப்போது போயிற்று என்று அவருக்கே தெரியாது. அவருக்கு ஒரே மகள். பெண்ணுக்குப் பட்டம் கிடையாது. ஹெட்லியோடு டாரோபிப் பெயர் முடிந்துவிடும். கொண்டுவர ஒரு பென்னியும் இல்லாத, கொடுக்க ஆளும் இல்லாத பட்டம் அது. ஆனால் செவ்வாய்க்கிழமை சோப்பு நுரையும், வானொலியில் கிரிக்கெட்டும், "அந்த ஆட்டக்காரன் ஒரு மண்ணு, இல்லையாடா பையா?" என்ற குரலும் நாளாக நாளாக அவருக்கு வேண்டியதாகிவிட்டன. எழுபது வயதுக்காரரை 'பையா' என்று கூப்பிட வேறு யார் இருந்தார்கள்?

போன குளிர்காலத்தில் பெரில் ஒரு செய்தியோடு வந்தாள். நாட்டிலேயே அதிக காலம் ஒரே பட்டத்தை வைத்திருந்தவர், எப்போதோ செத்துப்போன ஓர் ஏர்ல், பிரபுவுக்கும் மேலான பட்டக்காரர். மார்ச் மாதம் வந்தால் நம் கிழவர் அவரை முந்திவிடுவார். பெரில் விழாக்குழு அமைத்தாள். பெண்கள் தோரணம் தைத்தார்கள். பிரபுவின் பெயரில் ஒரு புது பீர் காய்ச்சி, புட்டியில் ஒட்ட அவர் படத்தையும் அச்சடித்தாயிற்று. செய்தித்தாள்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நான் என்னடா செஞ்சேன்?" என்றார் கிழவர், முகத்தில் நுரையோடு. "சாகாம இருந்தேன். அதுக்கு ஒரு கேக்கா?"

"ஊருக்குச் சந்தோஷம் பெரியப்பா."

"அந்த ஏர்ல் பாவம். அவன்கிட்ட வேற என்ன இருக்கு? அதையும் நான் பிடுங்கணுமா?"

பிப்ரவரி நடுவில் அவருக்குச் சளி கட்டியது. நிமோனியா என்றார் டாக்டர் பென்ரித். புதிதாக வந்த இளம் பெண். ஹெட்லியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா பிழைக்க வாய்ப்பு இருக்கு. வீட்லயே வெச்சிருந்தா கஷ்டம். ஆனா அவர் வர மாட்டேங்கறார். தெளிவாத்தான் பேசறார், நான் கட்டாயப்படுத்த முடியாது. நீங்க சொன்னா ஒருவேளை கேட்பார்."

ஹெட்லி உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் பெரியப்பா. கொஞ்ச நாள்தான். மார்ச்சுக்குள்ள திரும்பிடலாம்."

"மாட்டேன்."

"நீங்க இங்கயே போயிட்டா ஊர் என்னைத்தான் சொல்லும். வாரிசு பார்த்துட்டே இருந்தான்னு சொல்லும்."

கிழவர் இருமி முடிக்க நேரமாயிற்று. "ஊர் வாயை மூட நான் மூச்சு விடணுமாடா? எனக்குப் போதும் பையா. நாலு வயசுல மேல ஏத்தி உட்கார வெச்சாங்க. இறங்கவே விடல. உன் அப்பனுக்கு விட்டுக் கொடுத்திருப்பேன், சட்டம் விடல. இப்ப நீயாவது விடு."

அன்று மாலை ஹெட்லி வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மாவிஸ் முட்டையும் ரொட்டியும் வைத்தாள். தொடவில்லை.

"பயமா இருக்கா? பெரில் பேசுவாளேன்னு?" என்றாள் மாவிஸ்.

"அதுக்கில்ல."

"பின்ன?"

"செவ்வாய்க்கிழமை நான் எங்க போவேன்?"

மாவிஸ் முட்டைத் தட்டை மூடி வைத்தாள். "அப்ப, நீ ஆஸ்பத்திரின்னு கேட்டது அவருக்காக இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஹெட்லி டாக்டரிடம், "மாத்திரை கொடுங்கம்மா, வலி இல்லாம பார்த்துக்குங்க. அவரு இங்கயே இருக்கட்டும்" என்றார். மாவிஸும் அவரும் மாறி மாறிக் கூட இருந்தார்கள். கிழவர் கொஞ்சம் கஞ்சி குடித்தார், வெஸ்ட் இண்டீஸில் நடந்த ஆட்டத்தைக் கேட்டார், ஹெட்லியின் கையைப் பிடித்தபடியே தூங்கினார். வெள்ளிக்கிழமை காலை, பால்காரர் போன பிறகு, ஒரு மூச்சு உள்ளே போயிற்று. அடுத்தது வரவில்லை. மார்ச் பிறக்க இரண்டு நாள்கூட இல்லை.

தோரணங்களை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். செய்தித்தாள்காரர்கள் வரவில்லை, இரண்டாம் இடத்துக்கு யார் வருவார்கள்? படம் ஒட்டிய புட்டிகளை என்ன செய்வதென்று தெரியாமல் பெரில் பின்கட்டில் அடுக்கி வைத்தாள். அந்த வாரம் பப்பில் ஓர் ஓரத்து மேசையிலிருந்து, வேண்டுமென்றே கேட்கும்படி, ஒரு குரல் வந்தது: "வாரிசுதான் ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொன்னாராமே?"

எல்லாரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஹெட்லி அந்தப் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை.

"அவர் வேண்டாம்னாரு. நான் சரின்னேன். ரெண்டும் நிஜம்."

பெரில் அவர் முன்னால் ஒரு முழுக் கோப்பையை வைத்தாள். அன்று அதைக் குடித்து முடித்தார்.

அடக்கத்தன்று தூறல். கல்லறைச் சுவர் வரை ஆட்கள். தேவாலய வாசலில் நின்ற பாதிரியார் ஊருக்குப் புதியவர். குடும்பத்தார் முதலில் உள்ளே போய் அமரட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். கறுப்புக் கோட்டில் மாவிஸோடு படியேறி வந்த ஹெட்லியைப் பார்த்ததும் அவர் கையை நீட்டி, கூட்டத்துக்கும் கேட்கும்படி, மரியாதையோடு சொன்னார்:

"எல்லாரும் கொஞ்சம் வழிவிடுங்க. டாரோபி பிரபு உள்ள வரட்டும்."

ஹெட்லி சட்டென்று மாவிஸின் முழங்கையைப் பிடித்துச் சுவரோரமாக ஒதுங்கினார். தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, பின்னால் பாதையில் ஆறு பேர் தோளில் ஏறி வந்துகொண்டிருந்த பெட்டிக்கு வழிவிட்டு நின்றார்.