நாலு விரல் உயரம்

எங்கள் பிக்கப் வண்டிக்கு டயர் வாங்க என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்ட நாட்களில் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்திருக்கலாம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சரி என்று எழுந்து போன மனிதர் அவர். டயர் கடையில் மட்டும் டயரில் புடைத்து நிற்கும் ஒவ்வொரு பட்டனையும் நகத்தால் அழுத்திப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

போன மழையில் சப்வே தண்ணீரில் வண்டி நின்று, ராயபுரத்திலிருந்து ஏற்றி வந்த மீனெல்லாம் கெட்டுப்போனது. அந்த ஆத்திரம் அவருக்கு. பெரிய பட்டன் வைத்த டயர், உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத அலாய் சக்கரம், கூடவே வண்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டுவது என்று முடிவு செய்தார். சக்கரம் கறுப்பில்தான் வேண்டும் என்றது நான். மீன் வண்டிக்கு வெள்ளிப் பளபளப்பில் மாப்பிள்ளை வேஷம் எதற்கு?

திருவொற்றியூர் பட்டறையில் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. "எவ்ளோ தூக்கணும் நைனா?" என்று மெக்கானிக் கத்தினார். இவர் நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார். நாலு விரல் அகலம் என்பது இவர் கணக்கு. மெக்கானிக்கோ நாலு பட்டை என்று புரிந்துகொண்டு, ஸ்பிரிங்கில் நாலு இரும்புப் பட்டையைக் கூடுதலாகச் சொருகிவிட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் வண்டி எங்கள் தெருவே பார்த்திராத உயரத்தில் நிற்கிறது.

"சோக்கா கீது இல்ல?" என்றார் இவர். சோக்காகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மீன் எடுக்கக் கிளம்பினோம். ஏலத்தில் பார்த்து எடுப்பது நான், ஓட்டுவது அவர். கதவைத் திறந்து காலைத் தூக்கினேன். இரண்டு வருடமாக வலிக்கிற முட்டி, அந்த உயரத்துக்கு மடங்கவே இல்லை. இவர் ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அது ஆடியது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் கிளாஸை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நீயே போய்யா. நான் ஷேர் ஆட்டோல வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

நாலு நாள் அப்படியே போனது. யாருடைய முழங்கையோ விலாவில் இடிக்க ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. வீட்டில் பிள்ளைகள், மார்க்கெட்டில் கூட்டம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்வது அந்த வண்டிக்குள்தான். பேச்சென்ன பேச்சு, பாதி சண்டை. ஆனாலும் அது இல்லாமல் எனக்கு ஏக்கமாக இருந்தது. இதை அவரிடம் சொன்னால் குறைந்தா போவேன்? சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் வாசலுக்கு வந்தேன். புது டயர், கறுப்புச் சக்கரம் எல்லாம் அப்படியே இருந்தன. வண்டி மட்டும் பழைய உயரத்துக்கு இறங்கியிருந்தது. கழற்றிய பட்டைகள் பின்னால் கிடந்தன.

"இன்னாயா இது? மழை வந்தா மறுபடியும் தண்ணில நின்னுக்குமே" என்றேன்.

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"நின்னா ரெண்டு பேரும்தானே நிக்கப்போறோம். ஏறு."