மட்டையோடு ஓடிய மாமா

என் மாமாவின் பெயர் ஒரு பேஸ்போல் அணியின் குளிர்கால அறிவித்தலில் வந்திருக்கிறது. பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லா ஷப்பலில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். உணவகமொன்றில் கோப்பை கழுவுவார், ஞாயிறுகளில் கிரிக்கெட் ஆடுவார். யாராவது வேலைக் கடிதம் எழுதித் தந்தால்தான் அவருக்கு இங்கே தங்க விசா கிடைக்கும் என்று வீட்டில் ஓயாத பேச்சு. எனக்கு அது பெரியவர்களின் கதை.

அவர் பந்தெறிவதைப் பக்கத்து மைதானத்துப் பேஸ்போல் பயிற்சியாளர் பார்த்துவிட்டார். சம்பளத்துக்கு ஆடும் அணி அது. ஆட்டமில்லாத குளிர்காலத்தில்தான் ஆள் சேர்ப்பார்கள். வந்து ஆடிக் காட்டச் சொன்னார். பிரெஞ்சு பேச நானும் போனேன். பள்ளிக்கூடம் முழுக்க முன்கூட்டியே பெருமையடித்தாயிற்று. கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கமே போகாமல், மாமா என்னைச் சுற்றுவழியாக பஸ்ஸில் கூட்டிப்போனார். அவருக்கு பஸ் பிடிக்கும் என்று நினைத்தேன்.

உள்மண்டபத்தில் மாமா நன்றாகவே எறிந்தார். பிறகு மட்டையைக் கொடுத்தார்கள். முதல் பந்தையே கூரையில் முட்ட அடித்தார். பேஸ்போலில் அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு முனை முனையாகச் சுற்றி ஓடவேண்டும். மாமாவோ கிரிக்கெட்டில்போல மட்டையோடு ஓடி, முதல் முனையில் அதை ஊன்றி, இரண்டாவது ஓட்டத்துக்குத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தார். பயிற்சியாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னவாம் பிள்ளை?"

"திரும்பி வரக்கூடாதாம், மாமா."

"வேறை என்ன வேலை தெரியும் எண்டு கேக்கிறாரோ? வன்னியிலை தோட்டம் செய்தனான் எண்டு சொல்லு."

அவர் அப்படி எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து அணியின் அறிவித்தல் வந்தது. புதிதாக எறிபவர் இருவர், அடிப்பவர் ஒருவர், கடைசி வரியில் புல்தரை பராமரிப்புக்கு என் மாமா. கூடவே கையெழுத்திட்ட வேலைக் கடிதம். அம்மா அதைச் சாமிப்படத்தின் முன் வைத்து அழுதார். அப்பா ஒரு பெட்டி லட்டு வாங்கிவந்தார். புல் வெட்டுவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன்.

விசா வந்த அன்று மாமா என்னைக் கார் து நோருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஆட்களை மறித்து விசா கேட்டுக்கொண்டு நின்ற பொலிஸ்காரர்களுக்கு முன்னால் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் மூன்று தரம் நடந்தார். எந்த ரயிலிலும் ஏறவில்லை.

இங்கேயும் திரும்பித் திரும்பி வருகிறாரே என்று எனக்கு ஒரே வெட்கமாக இருந்தது.