மேல்மாடியில் நாலு மேலதிக விருந்தாளிகள்

இன்று காலை வெள்ளவத்தையில் ஒரு பேரரசு வென்றது. அரசன் நான். தலைநகரம், நாங்கள் வாடகைக்கு விடும் மேல்மாடி.

புக்கிங்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய நாளிலிருந்து மனைவி முறைக்கிறாள். இரண்டு பேருக்கு மேல் தங்கினால் ஆளுக்கு இவ்வளவு என்று அதுவே கூட்டிவிடும். ஆனால் வருகிறவர்கள்தான் மூன்றாவது ஆளை ஒப்புக்கொள்வதில்லை.

"இந்த முறையும் ஏமாந்தீங்கள் எண்டால், அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை வித்துப்போட்டு நானே பாக்கிறன்" என்று கெடு வைத்திருந்தாள்.

இரண்டு பேருக்கென்று கனடாவிலிருந்து பதிந்தவர், ஆறு பேராகவும் ஒரு ரயில் கொள்ளும் பெட்டிகளோடும் வந்து இறங்கினார்.

"மற்ற நாலு பேரும் யாழ்ப்பாணத்துச் சொந்தம் அண்ணை. சும்மா பாத்திட்டுப் போக வந்தவை."

"தலகாணியோடயோ?"

"இரவைக்குப் போயிடுவினம்."

"நல்லது தம்பி. அப்ப பொலிஸ் பதிவுக்கு உங்கட ரெண்டு பேரின்ர பேரை மட்டும் குடுக்கிறன்."

பதிவில்லாமல் இங்கே ஓர் இரவு படுக்க எந்தத் தமிழன் துணிவான்? கனடாக்காரரின் மாமியார்தான் முதலில் அடையாள அட்டையை நீட்டினார்.

"எங்கட நாலு பேரையும் வடிவா எழுதுங்கோ தம்பி. ரவுண்டப் எண்டு பொலிஸ் வந்து பதிவில்லாத ஆக்களை அள்ளேக்க, இந்த மருமோன் கனடாவில நிப்பார்."

நாலு பேரையும் ஏற்றினேன். கட்டணம் மலைபோல் எழுந்தது. மனைவி, கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, கேட்காமலே தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

வெற்றி மயக்கத்தில், கொட்டாஞ்சேனையிலிருந்து "ரெண்டு நாளைக்கு" என்று வந்து, பொங்கல் முதல் எங்கள் ஹோலில் படுக்கும் அவளுடைய தம்பியையும் ஏற்றட்டுமா என்று கேட்டேன்.

தேத்தண்ணி திரும்பிப் போய்விட்டது.

மச்சானிடம் கட்டணம் வசூலித்த மாவீரர் எவராவது உயிரோடு இருந்தால், கீழே வந்து வழி சொல்லவும்.