வழி விடாத துரை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் இடது தோளைத் தொட்டுப் பாருங்கள், போதும். இத்தனை வருஷமாகியும் அந்தக் கை தலைக்கு மேல் எழும்பவில்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கற்றேன். அதனால் இவ்வளவு காலம் இதை எழுதி வைக்க முடியவில்லை.

வடக்கு வேல்ஸில் எங்கள் மலை முழுக்க சிலேட்டுக்கல். மலை, துறைமுகம், கல் ஏற்றும் கப்பல், எல்லாம் சர் மெரிக் துரையுடையது. லண்டனில் சட்டம் படித்தவர். ஊர்க் கோர்ட்டில் நீதிபதியும் அவரே.

அங்கே கல் வெட்டும் எங்களில் ஒருவன் செத்தால் எல்லோரும் உளியைக் கீழே போட்டுவிட்டுச் சவப்பெட்டியின் பின்னால் நடப்போம். எதிரே யார் வந்தாலும் ஒதுங்கித் தொப்பியைக் கழற்றுவார்கள். துரை மட்டும் ஒதுங்க மாட்டார். பாறை விழுந்து செத்த ஹைவெலைத் தூக்கிப்போனபோது, துரை கூட்டத்துக்கு நடுவே குதிரை வண்டியை விட்டார். சவப்பெட்டி விழுந்து மூடி பிளந்தது. என் தம்பி எம்லின் பாய்ந்து கடிவாளத்தைப் பிடித்து இழுத்தான். துரையைத் தாக்கியதாக அவன் மேல் வழக்கு.

"வழக்குப் போட்டவரும் துரை, தீர்ப்புச் சொல்றவரும் துரை" என்றான் கூட வேலை செய்யும் காட்வல். "கூண்டுலயும் அவரையே நிக்க வெச்சா செலவு மிச்சம்டா."

எம்லினின் நெஞ்சு முழுக்கக் கல்தூசி. இருமினால் ரத்தம் வரும். சிறைக்குப் போனால் உயிரோடு திரும்ப மாட்டான்.

விசாரணைக்கு முந்தின நாள், துரையின் காலில் விழலாம் என்று கிளம்பினேன். நவம்பர் மாதம். மாலை நாலு மணி. மாளிகைக்குப் போகும் சந்தில் இரண்டு பக்கமும் கற்சுவர். பனிமூட்டம். என் இடது பூட்ஸின் அடியில் அடித்த இரும்பு லாடம் பாதி உடைந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் 'கிர்ரக்' என்று கல்லைக் கீறும்.

பாதி வழியில் கவனித்தேன். காக்கைச் சத்தம் இல்லை. ஓடைச் சத்தமும் இல்லை. நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை மட்டும்...

பின்னால் காலடிகள். ஒன்றல்ல, நூறு. ஆணி அடித்த பூட்ஸுகள்.

திரும்பினேன். யாருமில்லை.

அடுத்த நொடி என்னைச் சுவரோடு நசுக்கினார்கள். முழங்கைகள் விலாவில் இடித்தன. யாரோ என் பிடரியைப் பிடித்து நடுவே தள்ளினார்கள். இடது தோளில் ஒரு பாரம் இறங்கியது. மரம். கூர்மையான விளிம்பு. 'படக்' என்று எலும்பு முறிந்தது.

கத்தினேன். குரல் வரவில்லை. கால்கள் நடந்தன.

காலடியில் ஏதோ மெத்தென்று...

மிதித்தேன்.

ஈரக் கூடை நொறுங்குவது போல ஒரு சத்தம். எனக்குப் பின்னால் வந்தவர்களும் மிதித்தார்கள். ஒவ்வொருவராக.

எல்லாம் நின்றது. பாரம் இல்லை. மறுபடி ஓடைச் சத்தம்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நடக்கப்போகிற சாவு ஊர்வலம் சில சமயம் முன்கூட்டியே நடக்கும். என் தோளில் இறங்கிய அந்தப் பெட்டி எம்லினுக்குத்தான் என்று நினைத்தேன். அழுதுகொண்டே ஓடி மாளிகை வாசலில் விழுந்தேன்.

"துரை, தம்பிய விட்டுடுங்க. சந்துல சாவு ஊர்வலம் நடக்குது... நீங்களும் நாளைக்கு அந்த வழியா வராதீங்க. எதிர்ல வந்தா ஒதுங்கிடுங்க."

"என் ரோட்டுல நான் ஒதுங்கணுமா? பொணத்துக்கா?" கைத்தடியை ஓங்கி என் முறிந்த தோளிலேயே அடித்தார். "போடா நாயே. நாளைக்குக் கோர்ட்டுல வந்து அழு."

மறுநாள் காலை பத்து மணி. கோர்ட்டு வாசலில் கல் வெட்டுகிறவர்கள் எல்லோரும் நின்றோம். சுற்றிலும் போலீஸ். நீதிபதி வரவில்லை.

சந்தில் கிடந்தார். வண்டி கவிழ்ந்திருந்தது. குதிரை சுவரோடு நசுங்கிச் செத்திருந்தது. துரையின் நெஞ்சு தட்டையாக இருந்தது. முகம்... முகமே இல்லை. கோட்டு முழுக்க ஆணித் தடங்கள். நூறு பேர் மிதித்த தடங்கள்.

சார்ஜென்ட் பிரைஸ் எங்கள் பூட்ஸுகளைக் கழற்றச் சொன்னார். என் இடது பூட்ஸை மட்டும் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தெல், காலையில இருந்து என் பக்கத்துலதானே நின்னே?"

"ஆமாங்க."

"ஆமா... நானே பாத்தேன்." பூட்ஸை என் காலடியில் வைத்தார். "போட்டுக்க. யார்கிட்டயும் காட்டாதே. அந்த உடைஞ்ச லாடம் அவர் நெஞ்சுக்கு நடுவுல இருக்கு."

புகார் சொல்ல ஆள் இல்லை. எம்லினை விட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் துரையின் பெட்டியை நாங்களே தூக்க வேண்டும் என்று மாளிகையிலிருந்து உத்தரவு. இடது தோளில் கட்டு. வலது தோளைக் கொடுத்தேன். அதே பாரம். அதே விளிம்பு. அந்தச் சந்து. அந்தக் கம்பளி வாடை. அன்று நான் தூக்கியது எம்லினின் பெட்டி இல்லை, இந்தப் பெட்டிதான்.

அன்று மிதித்ததைப் பற்றி நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும், தூக்கியவர்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல் காலை உயர்த்தித் தாண்டினோம். பின்னால் வந்த நூறு பேரும், ஒவ்வொருவராக...

கீழே வெறும் மண்தான் இருந்தது.