உடனே போட்ட பதில்

கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் எழுதிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அகதி வழக்கு நடந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஒரு நாள் பிந்தினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், என் கணவர் குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையில் இருந்து எழுதுவார். வழக்கு வென்று பத்து வருடமான பிறகும் மின்சார பில்லைக் கண்டாலே எங்களுக்கு அதே பதற்றம்தான்.

மொன்றியலில் நாங்கள் மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர். போர்த்துக்கல்காரர், பின்முற்றத்தில் திராட்சை வளர்த்தார். கொடிக்குத் தண்ணீர் விட்டபடி எப்போதும் தன் நாட்டு வாடகைச் சட்டத்தைத் திட்டுவார். லிஸ்பனில் தாய்வழியில் வந்த அவருடைய வீட்டில், பழைய ஒப்பந்தத்தில் ஒருவர் குடியிருந்தார். அவரை வீட்டைவிட்டு எழுப்ப முடியவில்லை. அந்தக் குடியிருந்தவர் செத்ததும் அந்த உரிமை கூட இருந்த மனைவிக்குப் போனது. 2006இல் அங்கே புதுச் சட்டம் வந்தபோது வீட்டுக்காரர் துள்ளினார். வாசித்துப் பார்த்தால் அதிலும் வயதானவர்களுக்குப் பாதுகாப்பு. கிழவி என்னைப் புதைத்துவிட்டுத்தான் போவாள் என்று பிரெஞ்சில் கத்தினார். என் கணவர் மேலே வந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் என் கணவர் இறந்தார், வீட்டிலேயே, யன்னலோரக் கட்டிலில். வீட்டுக்காரர் ஒரு கிழமை சூப் கொண்டுவந்து வாசலில் வைத்தார். நான் அழவில்லை. சூப்பைக் குடித்தேன், சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

டிசம்பரில் வீட்டுக்காரரிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. அவருடைய மகள் கணவனைப் பிரிந்து வருகிறாளாம், ஜூலையில் மேல்வீடு அவளுக்கு வேண்டுமாம். உண்மைதான், அந்த மனிதர் பொய் சொல்கிறவர் இல்லை. எனக்கு என் கணவர் இறந்த அந்த அறையை விட்டுப் போக விருப்பமில்லை. உலகத்தில் நான் விரும்பியது அந்த ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஆனால் கடிதம் வந்துவிட்டதே. கோட்டோடு மேசையில் இருந்தேன். போகிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்து, கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்காரரே திகைத்துப்போனார்.

வேறு வீடு தேட உதவி கேட்டு, பெப்ரவரியில் வாடகைக்காரருக்கான ஆலோசனை நிலையமொன்றுக்குப் போனேன். அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண் என் கடிதத்தின் பிரதியைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"ஏனக்கா உடன எழுதிக் குடுத்தனீங்கள்?"

"பதில் போடாட்டி ஓம் எண்டெல்லோ எடுப்பினம்?"

"இல்லையக்கா. இந்தக் கடிதத்துக்கு ஒரு மாதம் பேசாமல் இருந்தா, நீங்கள் மாட்டன் எண்டு சொன்னதாத்தான் சட்டம் எடுக்கும். பேந்து அவர்தான் வழக்குப் போட்டுக் கேக்கவேணும்."

மௌனம் சம்மதம் என்று கேட்டே வளர்ந்தவள் நான். இங்கே அது தலைகீழ்.

"வழக்குப் போட்டா நான் வெண்டிருப்பனோ?"

"மகளுக்கெண்டபடியா அவருக்குத்தான் கிடைச்சிருக்கும். ஆனா உங்கட கதையையும் ஒருத்தர் இருந்து கேட்டிருப்பார்."

"மனுசன் செத்தா வீடு மனுசிக்கு எண்டு சட்டம் இருக்கெல்லோ?"

"எங்க?"

"போர்த்துக்கல்லை."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு தேநீர் போட்டுத் தந்தாள்.

ஜூலை முதலாம் தேதி, பாதி நகரமே வீடு மாறும் நாளில், நானும் நகர ஓரத்து ரொக்ஸ்பரோவில் ஒரு நிலக்கீழ் வீட்டுக்கு மாறினேன். வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்தபோது வீட்டுக்காரர் அழுதார். கோபமா என்று கேட்டார். இல்லை என்றேன். படியிறங்கும்போது கோபப்பட முயன்றுகூடப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் போ என்றார்கள், போனேன். கொழும்பில் போ என்றார்கள், போனேன். இங்கே நான் வாயே திறக்காமல் இருந்திருந்தால், மாட்டேன் என்று எனக்காக ஒரு சட்டம் சொல்லியிருக்கும். அதைச் சொல்லவும் நான் விடவில்லை.